சர்க்கார் பங்கு

அரிமளத்திலிருந்து மேற்கே போகிற வண்டிப்பாதை ஆலம்பொட்டலை நெருங்கும்போதே சக்கரமும் மாட்டுக் குளம்பும் சிவந்துவிடும். சந்தையில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பொட்டல்காரர்களின் வேட்டி ஓரத்தில் எத்தனை அடித்துத் துவைத்தாலும் போகாத ஒரு செம்மை நிற்கும். சம்பந்தம் பேச வருகிறவர்கள், "பொண்ணுக்கு வெள்ளையில மட்டும் எதுவும் எடுத்துராதிங்க, ஒங்க ஊரு மண்ணுக்குத் தாங்காது" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊருக்குக் கிழக்கே காவிமேடு. மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வீடு மெழுகும் நாட்களில், ஊரே கூடையும் களைக்கொட்டுமாக அங்கே போகும். சரிவெல்லாம் பழைய குழிகள். கொட்டாங்கச்சியால் சுரண்டினாலே காவி உதிரும். அதை ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, வெள்ளையடித்த சுவரில் பட்டை பட்டையாக இழுப்பார்கள். யார் குழி, யார் பங்கு என்ற பேச்சு கிடையாது. திரும்பும்போது கூடையிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் குழியிலேயே போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். மூக்கு நுனி வரை சிவந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வரிசையாக இறங்கி வருவார்கள். பிற்பாடு பிழைப்புக்காக வெளியூர் போன பொட்டல்காரர்கள் பொங்கல் சமயத்தில் முதலில் பேசுவது அந்த ஊறிய காவியின் வாசனையைப் பற்றித்தான்.

யுத்தம் வந்த பிறகு அது நின்றது. பெயிண்டு செய்கிற கம்பெனிகளுக்குக் காவி தேவைப்பட்டது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். மண்ணுக்கடியில் கிடப்பதெல்லாம் சர்க்காருடையது என்று காவிமேட்டைக் குத்தகைக்கு விட்டார்கள். டவுனிலிருந்து ஆத்மநாதன் என்பவர் எடுத்தார். மேட்டைச் சுற்றி இலந்தை முள் வேலி வந்தது. வேலிக்குள் ஒரு கொட்டகை, கொட்டகையில் மேஸ்திரி நாகராசு.

நாகராசு கீரமங்கலத்துப் பக்கத்து ஆள், குடும்பத்தோடு வந்து தங்கியவன். பொல்லாதவன் இல்லை. காவி கேட்டு வந்த பெண்களிடம், "நான் கூலிக்கு நிக்கிறவன் ஆத்தா. என்னுதா இருந்தா அள்ளிக்கிட்டுப் போங்கன்னுருவேன். சர்க்கார் சொத்தாச்சே" என்று கையை விரித்தான். அந்தப் பொங்கலுக்கு ஊர் செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுவரில் பூசியது. ஐயனார் கோயில் மதிலில் அது பழுத்த பூசணி நிறத்தில் நின்று, தை முடியுமுன் உதிர்ந்துபோனது.

மறுவருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. கண்மாய் நடுவில் ஆடு மேய்ந்தது. ஊருணியில் பெண்கள் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பினார்கள்.

ஐயனார் கோயிலுக்குத் தெற்கே உடையப்பனுக்கு ஒரு கொல்லை இருந்தது. வானம் பார்த்த நிலம். பெய்தால் வரகும் கடலையும், பெய்யாவிட்டால் கொழிஞ்சியும் விளையும். அதன் மூலையில் ஒரு நாவல் மரம். உடையப்பன் அதிகம் பேசாதவன். கார்த்திகையில் ஒரு காலை அந்த மரத்தடியில் நின்று மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டு தன் பெண்டாட்டி செவந்தியிடம் சொன்னான்:

"இங்க ஒரு கெணறு வெட்டிப் பாப்போம். தண்ணி கண்டா இருப்போம். இல்லைன்னா மாசியில தஞ்சாவூர்ப் பக்கம் கெளம்ப வேண்டியதுதான்."

 செவந்தியைப் பெற்றவர்கள் ஒரு பஞ்சத்தில் அறுப்புக்கு என்று அந்தப் பக்கம் போனவர்கள், திரும்பி வரவில்லை. அவர்கள் இருந்த வீட்டின் சுவர் கரைந்து, அந்த இடத்தில் எருக்கு மண்டிக் கிடந்தது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் அவள் போக வேண்டும். அன்று அவள் வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதுதான் அவள் பதில்.

குழிக்குள் உடையப்பனும் செவந்தியின் தம்பி திருப்பதியும். மேலே வடம் இழுக்கச் செவந்தியும் பக்கத்து வீட்டு உண்ணாமலையும். உண்ணாமலைக்குக் கூலி இல்லை. அவள் வீட்டுக் கூரை வேயும்போது இவர்கள் போய் நிற்க வேண்டும் என்று பேச்சு. அவள் வாய்க்குப் பயந்து ஊரில் பாதிப்பேர் வேறு பாதையில் போவார்கள், ஆனால் வடத்தைப் பிடித்தால் விடமாட்டாள்.

ஆலம்பொட்டலில் மண்ணைத் திறக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோண்டத் தோண்ட மண்ணின் நிறம் மாறினால், மாறிய மண்ணில் முதல் கூடை ஐயனாருக்கு. செம்மண்ணில் தொடங்கியபோது ஒரு கூடை கொண்டுபோய்க் கோயில் வாசலில் கொட்டினார்கள். சுண்ணாம்புக் கற்கள் கலந்த சுக்கான் மண் வந்தது, கொடுத்தார்கள். செம்புறாங்கல் வந்தது, அதை உடைத்து ஒரு கூடை கொடுத்தார்கள். மத்தியானம் நாவல் நிழலில் கேப்பைக்கூழும் சின்ன வெங்காயமும், என்றைக்காவது சுட்ட கருவாடும். கூழ்ச்சட்டியின் விளிம்பில்கூடச் சிவப்புப் படிந்திருக்கும்.

மார்கழி நடுவில் ஒரு காலை திருப்பதி கடப்பாரையை நிறுத்தினான்.

"மச்சான், சத்தம் மாறுது."

"பாறையா?"

"பாறைன்னா கணீர்னுல்ல கேக்கணும். இது ஈரலைக் குத்துன மாதிரி சதக்குங்குது."

கூடை மேலே வந்தது. உண்ணாமலை ஒரு கட்டியை எடுத்து முழங்கையில் ஒரு கோடு இழுத்தாள். வெயிலில் அந்தக் கோடு அறுபட்ட இடம்போல் இருந்தது.

"ஏடி செவந்தி, காவிடி. மேட்டுக் காவியெல்லாம் இதுகிட்ட நிக்குமா? இது ஆட்டு ரத்தமால்ல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. உடையப்பன் ஏறி வந்து கூடையைப் பார்த்தான். பிறகு கிழக்கே, முள்வேலி தெரிகிற பக்கம் பார்த்தான்.

"மூடு. மேல செம்மண்ணைப் போட்டு மூடு."

"ஏன் மச்சான், வித்தா..." என்று தொடங்கினான் திருப்பதி.

"விக்கிறதா? தெரிஞ்சா கெணத்தையே வேலி கட்டிருவாங்கடா. நமக்கு வேண்டியது இதுக்குக் கீழ இருக்கு. வார காவிய நாவமரத்துக்கு அங்கிட்டுக் கொட்டி மண்ணைப் போட்டு மூடுவோம். தண்ணி கண்டுட்டா அப்பறம் எவன் வந்தா என்ன?"

"மொதக் கூடை?" என்றாள் செவந்தி.

உடையப்பன் கூடையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தான்.

"சுக்கானுக்குக் குடுத்தோம், கல்லுக்குக் குடுத்தோம். இதுக்கு மட்டும் கையை மடக்குறதா?"

"மத்தத வாசல்ல கொட்டிட்டு வந்தோம். காவின்னா சுவத்துல பூசணும்லக்கா? பூசுனா தெரியாதா?" என்றான் திருப்பதி. "வேணும்னா பின்பக்கச் சுவத்துல ஒரு பட்டை இழுத்துட்டு வந்துருவோம்."

"சாமி என்ன பின்பக்கமா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு?"

"நாகராசு கண்ணுல பட்டா?" என்றான் உடையப்பன்.

"அவன் என்னைக்குக் கோயில் பக்கம் வந்தான்?" என்றாள் உண்ணாமலை. "அவனுக்கு வேலிதான் சாமி."

உடையப்பன் கையிலிருந்த கட்டியைக் கூடையிலேயே போட்டான். "நாம தொறந்தது அவர் காவல்ல இருக்கிற மண்ணு. அவருக்குத் தெரியாம மூட முடியாது. பூசு" என்றான்.

போகிக்கு முதல் நாள் பூசினார்கள். ஒரு வருஷமாகக் களையிழந்து நின்ற மதில் அன்று சாயங்காலம் கண்மாய்க் கரையிலிருந்தே தெரிந்தது. ஊர் மொத்தமும் பார்த்தது. எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவர்களால் ஆன உதவி.

ஆனால் நாகராசு வந்தான். மாட்டுப் பொங்கலன்று குத்தகை வண்டி மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்பில் மஞ்சள் பூசி, திருநீறு வாங்க ஓட்டிக்கொண்டு வந்தான். அதை யாரும் நினைக்கவில்லை. மாட்டை விட்டுவிட்டு மதில் பக்கம் போனான். விரலால் தொட்டு, தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தான். காவியிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தவன்.

"இது எந்தக் கடையில வாங்குனது?" என்று அங்கே நின்ற உண்ணாமலையைக் கேட்டான்.

"சாமிதான் வாங்கிட்டு வந்துச்சு. அதுகிட்டயே கேளு."

நாகராசு சிரித்தான். சிரித்துக்கொண்டே தெற்கே திரும்பி நாவல் மரத்தடி மண்மேட்டைப் பார்த்தான்.

தை பாதியில் ஆத்மநாதன் வண்டியில் வந்து இறங்கினார். குடை, சரிகை அங்கவஸ்திரம், மெதுவான பேச்சு. கூட மணியகாரர் செல்லமுத்து. கிராமத்துக்குச் சர்க்கார் அவர்தான். உள்ளூர்க்காரர். உடையப்பன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர். நாகராசு மண்மேட்டைக் காலால் தள்ளினான். செம்மண்ணுக்கடியில் காவி பளிச்சென்று தெரிந்தது.

"ஏம்ப்பா உடையப்பா, எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மணியகாரர்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

"சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லலை."

மணியகாரர் செருமிக்கொண்டார். "கோவிச்சுக்காத. கொல்லை ஒன்னுது. அதை யாரும் இல்லைங்கல. உழுதுக்க, வெதைச்சுக்க, வித்துக்க. அடியில கெடக்குற கல்லு, காவி, உலோகம் மட்டும் சர்க்காருக்கு. ஒங்க தாத்தா காலத்துப் பட்டாவுலயே அப்படித்தான்."

"எம்புட்டு ஆழத்துக்கு என்னுதுங்க?"

"என்னது?"

"கொல்லை என்னுதுங்கிறீங்க. கலப்பை போற ஆழம் வரைக்குமா, மர வேரு போற ஆழம் வரைக்குமா? எங்கயாவது ஒரு கோடு இருக்கும்ல, அதைக் காட்டிட்டீங்கன்னா அதுக்குக் கீழ நான் எறங்கலை."

மணியகாரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஆத்மநாதனைப் பார்த்தார்.

"இந்தா பாருப்பா," என்றார் ஆத்மநாதன். "நான் கொள்ளையடிக்க வரலை. தர்பார்ல பணம் கட்டியிருக்கேன். அந்தப் பணத்துலதான் ரோடு போடுறாங்க, ஆஸ்பத்திரி நடக்குது. ஆளாளுக்கு அவனவன் கொல்லையில அகப்பட்டதைத் தோண்டி வித்துக்கிட்டா, நாட்டுக்குன்னு என்ன மிஞ்சும்? அகப்படாதவன் என்ன செய்வான்? நீயே சொல்லு."

அது நியாயமான கேள்விதான்.  செவந்தி வடத்தைச் சுருட்டிக் கீழே வைத்தாள்.

"அந்த ரோடு எங்க ஊருக்கு எப்பங்க மொதலாளி வரும்?"

"வரும்மா. ஒவ்வொண்ணா வரும்."

"காவி போறதுக்கு முந்தியா, போன பெறகா?"

உண்ணாமலை இருமினாள். ஆத்மநாதன் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சரி," என்றாள் செவந்தி. "காவி சர்க்காருது. சர்க்கார் ஒங்களுக்குக் குடுத்துருச்சு. தண்ணி? மணியார் மாமா, நீங்க சொல்லுங்க. தண்ணி கல்லா, காவியா, உலோகமா?"

"அதெல்லாம் இல்ல. சொந்தக் கெணத்துத் தண்ணி கொல்லைக்காரனுக்குத்தான்."

"இதை இவங்களும் சொல்லணும்."

"தண்ணி எனக்கு எதுக்கும்மா?" என்றார் ஆத்மநாதன். "காவி என்னுது, தண்ணி ஒங்களுது. போதுமா?"

"ரெண்டு பேரும் ஐயனாரு பக்கம் திரும்பி ஒருக்கச் சொல்லிருங்க."

மணியகாரர் சிரித்துக்கொண்டே கோயில் பக்கம் திரும்பிச் சொன்னார். ஆத்மநாதனும் சொன்னார். சொல்லும்போது, அவரையறியாமல், குடையை மடக்கிக்கொண்டார்.

மாசியிலிருந்து அந்தக் கொல்லையில் குத்தகை ஆட்கள் இறங்கினார்கள். கிணறாக இருந்தது பள்ளமாக அகன்றது. காவி தென்மேற்கே ஓடுகிறது என்று நாகராசு சொல்ல, செவந்தி மிளகாய் நாற்றுக்காகக் கொத்திவைத்திருந்த பாத்தி போனது. பங்குனியில் நாவல் மரத்தின் வேர் அந்தரத்தில் தொங்கியது. ஆனியில் ஒரு மத்தியானம் அது மெல்லச் சாய்ந்து பள்ளத்துக்குள் விழுந்தது. அந்த வருஷம் காய்த்திருந்தது. சிவப்புக் குழியில் கறுப்புப் பழங்கள் சிதறிக் கிடந்ததைக் கூலியாட்கள் பொறுக்கித் தின்றார்கள். உடையப்பன் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

அவனும் திருப்பதியும் நாகராசிடம் கூலிக்கு வெட்டினார்கள். செவந்தியும் உண்ணாமலையும் மேலே வடம் இழுத்தார்கள். வேறு வேலை இல்லை. காவி ஏற்றிய வண்டிகள் திருமயம் ரயிலடிக்கு வரிசையாகப் போயின. பாதையின் ஆவாரஞ்செடிகள் மஞ்சள் பூவோடு சிவந்து நின்றன. ஆடுகள் சிவந்தன. அழுகிற குழந்தையின் கண்ணீர்கூடக் கன்னத்தில் இரண்டு வெள்ளைக் கோடாக இறங்கியது. ஊரே ஒரு சட்டிக்குள் கரைத்துவிட்டதுபோல இருந்த அந்தக் கோடையைப் பொட்டல்காரர்கள் பிறகு சிரிப்போடுதான் சொல்வார்கள். நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் கூழ்ச்சட்டிக்கு முன்னால் உடையப்பன் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்குத் தஞ்சாவூர் கெளம்புவோம்."

"கூழ் ஆறுது, குடிங்க."

"என் கொல்லையில நானே கூலிக்கு வெட்டுறேன். நாகராசு நேத்து என்னை 'சீக்கிரம் எடுப்பா'ங்கிறான். கெட்ட வார்த்தை இல்ல. ஆனா கேட்டதுலேருந்து கை ஓடலை."

செவந்தி வெங்காயத்தைத் தட்டி அவன் பக்கம் வைத்தாள். "காவி அவங்களுக்குப் போவுது. ஆழம் எங்க போவுது?"

"ஆழமா?"

"ஒவ்வொரு கூடைக்கும் கெணறு ஒரு கூடை கீழ எறங்குதுல்ல? அதை வண்டியில ஏத்திக்கிட்டா போறாங்க? நாம நாலு பேரு வெட்டியிருந்தா இம்புட்டு ஆழம் எந்தக் காலத்துல வந்திருக்கும்? அவங்க செலவுல நம்ம கெணறு வளருது. நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

"தண்ணி வரலைன்னா?"

"வரலைன்னா அப்பக் கெளம்புவோம்."

அதைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உடையப்பன் கையைக் கழுவிக்கொண்டு கூழைக் குடித்தான்.

ஆடியில் காற்று தொடங்கியது. பள்ளத்தின் வடகிழக்கு மூலையில் திருப்பதி கடப்பாரையை இறக்கினான். அது பாதியில் சிக்கிக்கொண்டது. இருவருமாக ஆட்டி உருவியபோது நுனி பளபளத்தது. துளையிலிருந்து முதலில் பெருமூச்சுபோல ஒரு சத்தம், பிறகு நூலாக ஒரு கசிவு. உடையப்பன் குனிந்து உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டான். உதடு சிவந்தது.

"என்ன மச்சான், உப்பா?"

உடையப்பன் தலையை ஆட்டினான். இன்னொரு கை ஏந்தினான். குடித்து முடித்த பிறகுதான் பேசினான். "எளநி மாதிரி இருக்குடா."

மேலிருந்து செவந்தி எட்டிப் பார்த்தாள். கீழே உள்ளங்கை அகலத்துக்கு வானம் தெரிந்தது. அவள் வடத்தை விட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். உண்ணாமலை அவள் தோளைத் தொட்டு, "ஏடி, அழுதா அங்கிட்டுப் போய் அழு. தண்ணி உப்பாயிரப் போவுது" என்றாள்.

தண்ணீர் காவிக்கு மேல் நின்றது. வெட்ட முடியவில்லை. நாகராசு இரண்டு ஏற்றம் போட்டு இறைக்கத் தொடங்கினான். சிவப்புத் தண்ணீர் பாதையில் ஓடி மண்ணில் வீணாக இறங்கியது. அதைப் பார்த்துச் செவந்தி ஏற்றத்தின் கீழே போய் நின்றுகொண்டாள்.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"தண்ணிய எறைச்சாத்தானே ஆத்தா காவி எடுக்கலாம்?" என்றான் நாகராசு.

"காவிய எடுங்க, நான் வேண்டாங்கலை. தண்ணிய விட்டுட்டுக் காவிய மட்டும் எடுங்க."

"அது எப்படி முடியும்?"

"அது எனக்குத் தெரியாது. காவி ஒங்க மொதலாளிது, தண்ணி எங்களுது. இது நான் சொன்னது இல்ல."

ஏற்றக்காரர்கள் மேலேயே நின்றார்கள். பெண்ணொருத்தி கீழே நிற்கும்போது மிதிக்க அவர்களுக்குக் கால் வரவில்லை. ஆள் போய், மறுநாள் ஆத்மநாதனும் மணியகாரரும் வந்தார்கள். மணியகாரர் வந்ததும் கோயில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நாம சொன்னதுதானுங்களே" என்றார் மெதுவாக.

ஆத்மநாதன் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "சரிம்மா, தண்ணி ஒன்னுது. அது என்ன நெறத்துல இருக்கு, பாரு. நீ எறைக்கிற ஒவ்வொரு சால்லயும் என் சரக்கு கரைஞ்சு போவுதே. அதுக்கு என்ன சொல்ற?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.  செவந்தி வீட்டுக்குப் போய் ஒரு பெரிய பானையை எடுத்து வந்து, அந்தத் தண்ணீரை மொண்டு நிரப்பிக் கரையில் வைத்தாள். "இதை யாரும் தொடாதீங்க. நாளைக்குக் காலையில வாங்க" என்றாள்.

ஆத்மநாதன் அன்று மணியகாரர் வீட்டில் தங்கினார். காலையில் வந்து பார்த்தபோது பானையின் மேல் முக்கால் பாகம் கண்ணாடியாக இருந்தது. செவந்தி பானையைச் சாய்த்துத் தெளிவைக் குடத்தில் வடித்தாள். அடியில் வெண்ணெய்போல் படிந்திருந்த காவியைக் கொட்டாங்கச்சியால் வழித்து ஒரு ஓலைப்பாயில் வைத்தாள்.

"தெளிஞ்சது எங்களுது. அடியில நின்னது ஒங்களுது. இதை நான் விக்கவும் மாட்டேன், பூசவும் மாட்டேன். தெனம் இப்படித் தெளிய வச்சு, ஒங்க பங்க இந்த எடத்துல சேத்து வைக்கிறேன். ஆளனுப்பி அள்ளிக்கிங்க."

ஆத்மநாதன் ஓலைப்பாயைப் பார்த்தார். அந்த ஊருக்கு வர ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக அவர் சத்தமாகச் சிரித்தார். "செல்லமுத்து, இந்தம்மாவ தர்பாருக்கே அனுப்பலாமய்யா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ஏற்றத்தைக் கழற்றிவிட்டார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் நிறைந்தது.

செவந்தி சொன்னபடி செய்தாள். கமலையில் இறைக்கிற தண்ணீர் விழும் இடத்தில் ஒரு குழி வெட்டி, அதில் தங்கித் தெளிந்த பிறகே வாய்க்காலுக்குப் போகும்படி உடையப்பன் அமைத்தான். குழியில் படிந்ததை அவள் தினமும் வாரிக் கரையில் குவித்தாள். மழையில் கரையாமலிருக்கப் பனையோலை போட்டு மூடினாள். ஊரில் அந்தக் குவியலுக்குச் 'சர்க்கார் பங்கு' என்று பெயர் வந்தது. கோழி ஏறினால்கூட, "ஏய், சர்க்கார் பங்குல ஏறுது, வெரட்டு" என்பார்கள். அள்ளிப்போக ஒருவரும் வரவில்லை. அந்தக் கொஞ்சத்துக்கு வண்டி அனுப்பினால் வண்டிக்கூலிக்குக் காணாது.

ஊருணி நிறையும் முன்பே பெண்கள் குடத்தோடு அங்கே வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் உண்ணாமலை.

"தண்ணி ஒன்னுதுன்னு மணியாரே சொல்லிட்டாரு. ஒங்கிட்டக் கேட்டுத்தான் எடுக்கணுமோ?"

"வடம் இழுத்தவளுக்கு என்னடி கேள்வி, மொண்டுக்க. போறப்ப ஒரு கை தண்ணிய உள்ள விட்டுட்டுப் போ."

காவிமேட்டு வழக்கம் அப்படிக் கிணற்றுக்கு வந்தது. உடையப்பன் சில நாள் முகத்தைச் சுளித்தான். நாவல் மரமும் பாத்தியும் போன கொல்லையில், மிஞ்சியது என்று இருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். பிறகு அவனே குடம் சரிக்க வசதியாகக் கரையில் ஒரு கல்லைப் புரட்டிப் போட்டான்.

பின்னாளில் யுத்தம் முடிந்து, குத்தகை முடிந்து, சமஸ்தானமும் முடிந்து இந்தியாவோடு சேர்ந்தது. புதிதாக வந்த ஒரு அதிகாரி அந்தக் குவியலைப் பார்த்து என்னவென்று கேட்டார். "சர்க்கார் பங்குங்க" என்றாள் செவந்தி. "எந்தச் சர்க்கார்?" என்று கேட்டார் அவர். "எது வந்து அள்ளுதோ அதுங்க" என்றாள். அவர் அதை எதிலும் எழுதிக்கொள்ளாமல் போனார். இன்றைக்கும் கோடையில் அந்தக் கிணற்றைத் தூர் வாரினால் எடுக்கிற வண்டலைத் தனியாகத்தான் குவிக்கிறார்கள்.

ஆனால் ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது தண்ணீர் கண்ட பிறகு வந்த அந்த முதல் பொங்கலைத்தான்.

மார்கழிக் கடைசி. பனி விலகாத காலை. செவந்தி கொல்லையில் மிஞ்சிய இடத்தில் புதிதாக நட்ட மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். உண்ணாமலையும் அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்களும் கூடையோடு வந்து குவியலுக்கு முன்னால் நின்றார்கள். ஓலையை யாரும் தொடவில்லை.

"செவந்தி, ஐயனாரு சுவரு வெளுத்துப்போய்க் கெடக்கு. ஆளுக்கொரு கை குடு."

"குடுக்க அது என்னுது இல்லையேடி."

"பின்ன யாருது?"

"சர்க்காருது. மொதலாளிகிட்டச் சொல்லியிருக்கேன், விக்க மாட்டேன், பூச மாட்டேன்னு."

"சர்க்காரு எங்க இருக்கு? எங்க கண்ணுக்கு ஒன்னும் தெரியலையே" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

செவந்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெண்களைப் பார்த்தாள். அவர்கள் கையில் இருந்தவை காவிமேட்டுக்குக் கொண்டுபோன அதே பழைய கூடைகள். வேலி வந்த பிறகு பரணில் கிடந்து தூசி படிந்தவை.

"நான் குடுக்க முடியாது," என்றாள். "இப்ப நான் கெழக்குப் பாத்திக்குத் தண்ணி திருப்பப் போறேன். அது நெறையிற வரைக்கும் இங்கிட்டுத் திரும்ப மாட்டேன். நல்ல பெரிய பாத்தி."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து மடையை வெட்டினாள். பின்னால் ஓலை சரசரத்தது. கொட்டாங்கச்சிகள் உரசின. யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். ஒவ்வொரு கூடை நகரும்போதும் ஒரு பிடி திரும்பக் குவியலில் விழுகிற சத்தம் மெத்தென்று கேட்டது.

திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. கிழக்கிலிருந்து வரப்பு வழியாக நாகராசு வந்துகொண்டிருந்தான். குத்தகை இன்னும் அவன் முதலாளியிடம்தான் இருந்தது. குவியலும் அவன் காவலைச் சேர்ந்ததுதான். அவன் கூடைகளைப் பார்த்தான். குனிந்திருக்கும் செவந்தியைக் கடந்துபோய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றான். செவந்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்தியின் பாதி தூரம் போயிருந்தது.

"ஆத்தா," என்றான் நாகராசு அவள் முதுகைப் பார்த்து. "அந்தப் பாத்தி நெறைஞ்சிருச்சா?"

"இன்னம் இல்லண்ணே."

"அப்பச் சரி, திரும்பிராத. எங்க ஊட்டுச் சுவத்துலயும் ரெண்டு வருசமா செங்கப்பொடிதான்."

தலைத்துண்டை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு கையாலும் அள்ளுகிற சத்தம். அவன் எழுந்து நடந்தான், நின்றான், திரும்பி வந்தான். ஒரு பிடி குவியலில் விழுந்தது.

பாத்தி நிறைந்து தண்ணீர் வரப்பில் வழிந்துகொண்டிருந்தது. காலடிச் சத்தம் தேய்ந்து அடங்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே செவந்தி மடையை மாற்றினாள்.